கோழிய எழுது

பால் வெட்டிவிட்டு வந்து, விரலில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டிருந்தேன். மகள் போனோடு வந்தாள். இனாமாகக் கிடைத்த இங்கிலீஷ் ஆப். விளக்கமும் உதாரணமும் சீன எழுத்தில். சீனாக்காரனுக்குச் செய்ததை வைத்துத்தான் என் பிள்ளை படிக்கிறாள்.

"ஓ, டபிள்யூ, என்... 'ஓன்'னா என்னம்மா?"

விரலில் அந்தப் புளித்த வாடை. அப்பாவும் இதே வாசப்படியில் உட்கார்ந்துதான் உரிப்பார். நான் ஸ்கூலுக்குப் போன காலத்தில், கேகாலை பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கிவந்தார். அர்த்தமெல்லாம் சிங்களத்தில், தமிழில் இல்லையாம். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். சிங்களம் பேச மட்டும் தெரிந்த அம்மா, அடுப்படியிலிருந்து தமிழில் சொல்வார்.

'ஓன்' என்பதற்கு நேரே இருந்ததை "தமன்கே" என்று படித்தேன்.

"சொந்தம்" என்றார் அம்மா.

ஒவ்வொரு சொல்லுக்கும் நாங்களே ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு ஸ்கூலுக்குப் போகவேண்டும். "நம்ம வீட்ட எழுதவாப்பா?"

அப்பாவின் கை நின்றது. "இந்த வீடு, இந்த லயத்துக் காம்பரா, தோட்டத்தோடது. வேலை செய்ற வரைக்கும்தான் நமக்கு. கோழிய எழுது."

எங்களுக்குச் சொந்தமாக ஒரு கோழி இருக்கிறது என்று எழுதினேன்.

மகளிடம் "சொந்தம்" என்றேன்.

"அப்ப நம்ம வீட்ட வச்சு ஒரு வாக்கியம் எழுதவா?"

அதே காம்பரா. அப்பாதான் இல்லை. விளக்கிச் சொல்ல உடம்பில் தெம்பில்லை.

"கோழிய எழுதும்மா."

அவள் வாசலை ஒருமுறை பார்த்தாள்.

"நம்மகிட்ட ஏதும்மா கோழி?"