காபி மிஷின் ரப்பருக்காக ஒரு சனிக்கிழமை: இடைசெவல், கோவில்பட்டி, கழுகுமலை

எஸ்பிரஸோ மிஷினுக்கு உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று தமிழில் தேடிப் பாருங்கள். சென்னை வரும், கோயம்புத்தூர் வரும், பெங்களூரு வரும். எங்கள் பக்கத்துக்கு ஒன்றுமே வராது. போன வெள்ளிக்கிழமை நான் தேடியபோதும் வரவில்லை. அடுத்து தேடுகிறவருக்காவது ஏதாவது இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அக்காவின் போனில், போர்வைக்குள் வைத்து எழுதுவதால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அக்கா கோயம்புத்தூரில் ஒரு காபிக் கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். திரும்பி வந்து இடைசெவல் பக்கம் நான்குவழிச் சாலை ஓரத்தில் சொந்தமாகக் கடை போட்டாள். மிஷினும் அரைக்கிற கிரைண்டரும் பழையதாக வாங்கியது. அப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "ஒரு வருசம் பாக்கேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். வருஷம் முடிவதற்குள் மிஷின் ஒழுக ஆரம்பித்தது. கைப்பிடியைச் சுற்றி வெந்நீர் கொட்டியது, கீழே கப்பில் ஒன்றும் விழவில்லை. நான்கு நாள் அக்கா வெறும் பில்டர் காபியை வைத்து ஓட்டினாள். ஐந்தாம் நாள் அப்பா கடைக்கு வந்து பார்த்துவிட்டு, திருநெல்வேலியில் பழைய ஓட்டல் சாமான் வாங்குகிறவருக்குப் போன் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

"வெளியூருக்கு அனுப்புன லட்சணம் இதுதான். சின்னவளையாவது வீட்டோட வச்சிக்கிடணும்" என்று அம்மாவிடம் சொன்னார். சின்னவள் நான். பிளஸ் ஒன் படிக்கிறேன். மிஷின் போனால் கடை போகும், கடை போனால் என் காலேஜும் போகும். இது எனக்கு நன்றாகப் புரிந்தது.

கெட்டுப்போனது பெரிய சாமான் இல்லை. கைப்பிடியை மிஷினில் சொருகித் திருகும் இடத்தில், உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை கேஸ்கெட் என்பார்கள். சூட்டில் கிடந்து கிடந்து அது கல்போல் இறுகிவிடும். அக்கா ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியபோது துண்டு துண்டாக உடைந்து வந்தது. ஆன்லைனில் போட்டால் வர ஆறு நாள். அக்காவால் கடையை விட்டு நகர முடியாது. அதனால் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லி, யூனிபார்ம் போட்டு, புத்தகப் பையில் உடைந்த ரப்பர் துண்டுகளையும் கைப்பிடியையும் வைத்துக்கொண்டு நான் கிளம்பினேன். கைப்பிடி பித்தளை. ஒரு கிலோ இருக்கும். நாள் முழுக்க முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது.

காலை எட்டே காலுக்கு டவுன் பஸ். கோவில்பட்டி பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் இந்தப் பயணத்தில் பஸ் செலவு சுத்தமாகக் கிடையாது. ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது, உளுந்து முழங்கால்கூட வரவில்லை. அப்பாவின் எரிச்சலில் பாதி அதுவாகவும் இருக்கலாம்.

கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் பாத்திரக் கடை, அடுப்பு ரிப்பேர் கடை, மோட்டார் சாமான் கடை என்று நான்கு கடை ஏறி இறங்கினேன். கேஸ்கெட் என்று சொன்னவுடன் நான்கு பேரும் ஒரே சாமானைத்தான் எடுத்துப் போட்டார்கள்: குக்கர் ரப்பர். மூன்று லிட்டர், ஐந்து லிட்டர், பத்து லிட்டர். காபி மிஷினுக்கு என்றேன். மூன்றாவது கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"காப்பிக்கு எதுக்கும்மா மிசினு? அடுப்புல வச்சா கொதிக்காதா?"

நான்காவது கடையில்தான் ஒரு வழி சொன்னார்கள். "கழுகுமலையில ஒரு சமையல் காண்டிராக்டர் எக்ஸ்பிரஸோ மிசின் வச்சிருக்காவ. கல்யாண வீட்டுக்கெல்லாம் அவியதான் போடுவாவ. அங்கன கேளு."

எக்ஸ்பிரஸோ என்ற வார்த்தையை நம்பி, பத்தரை மணி பஸ்ஸில் கழுகுமலைக்குப் போனேன். இருபத்திரண்டு கிலோமீட்டர். உட்கார இடம் கிடைக்கவில்லை. கைப்பிடி இடிக்கிறது என்று பின்னால் நின்ற ஒரு அம்மா இரண்டு முறை சலித்துக்கொண்டார்கள். "என்னத்தப் பிள்ள வச்சிருக்க பையில, உலக்கையா?"

காண்டிராக்டர் வீட்டில் இல்லை. அவர் மனைவி இருந்தார்கள். கூடத்தில் அண்டா அண்டாவாக அடுக்கியிருந்தது. என் கதையைக் கேட்டுவிட்டு, சாக்கை விலக்கி மிஷினைக் காட்டினார்கள். எவர்சில்வரில் உயரமாக, மேலே கோபுரம் மாதிரி மூடி, பக்கத்தில் ஒரு குழாய்.

"இதான் எக்ஸ்பிரஸோ. குழாய பாலுக்குள்ள விட்டா புஸ்ஸுன்னு சத்தம் வரும் பாரு, மாப்பிள வீட்டுக்காரவிய எல்லாம் திரும்பிப் பாப்பாவ."

"கைப்பிடி மாட்டுற இடம் எங்க இருக்குக்கா?"

"கைப்பிடியா? இதுக்கு எதுக்கு கைப்பிடி? தூளு தம்ளர்லயே போட்டுருவோம்லா."

என் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "நல்ல கனமா இருக்கு. இதுல தோச திருப்பவா?" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. மோர் கொடுத்து, "லேத்து பட்டறைல கேட்டுப் பாரேன், அவிய எதையும் கடைஞ்சி குடுப்பாவ" என்று அனுப்பிவைத்தார்கள். நம்மூரில் எக்ஸ்பிரஸோ என்றால் ஆவியில் நுரைக்கும் காபி. அக்கா வைத்திருக்கும் மிஷின் வேறு. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாற்பத்து நான்கு கிலோமீட்டர் ஆனது.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் உயிர் போனது. கழுகுமலை தாண்டியதும் ஏறியவர் அப்பாவிடம் ஆடு வாங்கும் வியாபாரி. நேராக என் எதிரில் வந்து நின்றார்.

"ஏட்டி, நீ எடசெவல் அண்ணாச்சி மவல்லா? இங்க எங்க வந்த?"

"ஸ்பெஷல் கிளாஸ், மாமா."

"ஓஹோ. கழுகுமலையிலயா?"

அவர் சிரித்துக்கொண்டே மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "படி படி, நல்லாப் படி" என்றார். கோவில்பட்டி வரும்வரை நான் தலையை நிமிர்த்தவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு எலுமிச்சை ஜூஸ் குடித்தேன், இருபது ரூபாய்.

லேத் பட்டறைகள் ஒரே தெருவில் வரிசையாக இருக்கின்றன, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் இருபது நிமிஷம். மதியம் இரண்டு மணி வெயில். முதல் இரண்டு பட்டறையில், ரப்பர் வேலை பார்ப்பதில்லை, இரும்பு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது பட்டறைக்காரர் கைப்பிடியை வாங்கிப் பார்த்தார். பெரிய மீசை, காதில் பென்சில்.

"சூடு எவ்வளவு வரும்?"

"வெந்நீர்தான் அண்ணாச்சி. கொதிக்கிற சூடு."

"அப்ப சாதா ரப்பர் வேண்டாம். நாத்தம் அடிக்கும், காப்பி மண்ணெண்ண மாரி இருக்கும்." உள்ளே போய் வெள்ளையாகக் குழாய் மாதிரி ஒரு கட்டையை எடுத்து வந்தார். கடலைமிட்டாய் கம்பெனிகளில் பாக்கெட் ஒட்டும் மிஷினுக்கு உருளை செய்து மிஞ்சிய சிலிக்கான் என்றார். சூடு தாங்கும், வாடை கிடையாது. முந்நூறு ரூபாய் கேட்டார். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுவதால் எனக்கு இப்படியொரு லாபம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

அகலத்தை அவரே கைப்பிடியை வைத்தும் துண்டுகளைச் சேர்த்து வைத்தும் அளந்துகொண்டார். கனத்தை அப்படி அளக்க முடியாது, பழசு நசுங்கி மெலிந்துபோயிருந்தது. "கனம் எவ்வளவும்மா?"

"எட்டரை."

"எட்டரையா?" புருவத்தைத் தூக்கினார். "அவ்வளவு வேணுமா?"

"ஆமா அண்ணாச்சி. நெட்ல போட்டிருக்கு."

"நெட்ல போட்டிருந்தா சரிதான்" என்று லேத்தில் மாட்டிவிட்டார். ரப்பரைக் கடைவது இரும்பைப் போல இல்லை, தண்ணீர் விட்டு விட்டு மெதுவாகத்தான் செய்ய வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனது. நான் ஒரு டிரம் மேல் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். கடைசியில் ஒன்றைக் கையில் கொடுத்தார். வளையம் இல்லை, அது ஒரு டம்ளர். ஒரு அங்குலத்துக்கு மேலே உயரம்.

"அண்ணாச்சி, நான் எட்டரைதான சொன்னேன்!"

"எட்டர நூலு. ஸ்கேல வச்சிப் பாரு, சரியா இருக்கும்."

நூல். மறந்தே போயிருந்தேன். எங்கள் பக்கம் ஆசாரி, கொத்தனார், பட்டறைக்காரர் எல்லோரும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒன்றை ஒரு நூல் என்பார்கள். நான் நினைத்தது எட்டரை மில்லிமீட்டர், சொன்னது வெறும் எட்டரை. டிரம் மேல் உட்கார்ந்தபடியே அழுதேன்.

"ஏட்டி, அழாத. யாரும் செத்தா போயிட்டாவ? உனக்கு எவ்வளவு வேணும், மில்லியிலயே சொல்லு."

"எட்டரை மில்லி."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து வெள்ளை வளையத்தின் மேலேயே கோடு போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எட்டர நூலுன்னா இருபத்தேழு மில்லி. அதுல எட்டர மில்லி எத்தன தடவ வரும்? ஸ்கூல்தான படிக்க?" என்றார்.

மூன்று தடவை. மூன்று தடவை வந்து ஒன்றரை மிச்சம்.

லேத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, சவரப் பிளேடு ஒன்றை அழுத்திப் பிடித்து, கேக்கை வெட்டுவதுபோல வெட்டினார். மூன்று வளையம். அதே முந்நூறு ரூபாய்தான் வாங்கினார். "நீ மில்லின்னு சொல்லல. நான் நூலான்னு கேக்கல. சரியாப் போச்சு, போ."

நாலரை மணிக்கு அக்காவின் கடையில் இறங்கினேன். ராத்திரி கடை அடைத்தபின் அவள் உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினாள். கைப்பிடி முழுதாக நேருக்கு வராமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. புது ரப்பர் அப்படித்தான் இருக்குமாம், போகப் போகச் சரியாகும். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஞாயிறு சாயங்காலம் திருநெல்வேலிக்காரர் குட்டியானை வண்டியோடு வந்தார். அப்பாவும் வந்தார். அக்கா இரண்டு காபி போட்டு இருவர் முன்னாலும் வைத்தாள். வந்தவர் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"ஓடாதுன்னுல்லா சொன்னிய? ஓடுதுன்னா ரெண்டாயிரம் கூடத் தாரேன், அண்ணாச்சி."

சரி செய்து கொடுத்து விலையை ஏற்றியவளே நான்தான் என்று ஆகிவிட்டது. அக்கா துணியால் மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே. அப்பா காபியைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, நேத்து ஸ்பெஷல் கிளாஸ்ல என்ன நடத்துனாவ?"

"பிசிக்ஸ்ப்பா. அளவீட்டியல்."

அவர் ம் என்றார். மிச்சக் காபியைக் குடித்து முடித்தார். கப்பை வைத்துவிட்டு வந்தவரிடம் திரும்பினார்.

"அண்ணாச்சி, காப்பி நாப்பது ரூவா. பிள்ளைட்ட குடுத்துட்டுப் போங்க."

அவ்வளவுதான் சொன்னார். வண்டி காலியாகப் போனது. ஆட்டு வியாபாரி அவரிடம் எதுவும் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் போவதில்லை. அப்பா மனம் மாறிவிட்டார் என்றும் எழுத மாட்டேன். அன்று ஒரு நாள் விற்கவில்லை, எனக்குத் தெரிந்தது அதுதான்.

இனி இப்படி அலையப்போகிறவர்களுக்கு. நேரே லேத் தெருவுக்குப் போங்கள், கழுகுமலைக்குப் போகாதீர்கள் (கோயில் பார்க்க என்றால் போகலாம், நான் பார்க்கவில்லை). சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள், கறுப்பு ரப்பர் வேண்டாம். அளவைச் சொன்னால் என்ன அளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் பல பட்டறைகளை அடைத்துவிடுவார்கள், காலையிலேயே போய்விடுவது நல்லது. கிரைண்டருக்குள் இருக்கும் அரைக்கிற தட்டு மழுங்கியிருந்தால் அதற்கு மட்டும் உள்ளூரில் வழி இல்லை, வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். மாவு மில்காரர் "கொண்டா, கல்லு கொத்துற மாரி கொத்தித் தாரேன்" என்பார். கொடுத்துவிடாதீர்கள். கைப்பிடியை ஒரு துண்டில் சுற்றி எடுத்துப் போங்கள், எனக்கு இன்னும் முதுகு வலிக்கிறது.

எங்கள் ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பிள்ளை நல்லா எழுதுதே என்று அப்பாவைப் பார்த்துப் பாராட்டிவிடாதீர்கள். இன்னும் ஒன்றரை வருஷம் பொறுங்கள். எனக்குக் காலேஜில் இடம் கிடைத்து, பெட்டியோடு பஸ் ஏறிய பிறகு சொல்லுங்கள்.