கோட்டைத் தாண்டும் வரை

கோவில்பட்டியில் மைதானம் என்றால் ஹாக்கிதான். அந்த ஊரில் சாப்ட்பாலுக்கு நடுவராக நிற்பவன் இசக்கிமுருகன். பக்கத்து ஊர் இடைசெவல்காரன், குடும்பத்தின் முதல் பட்டதாரி, ஒரு பள்ளியில் தற்காலிக விளையாட்டு ஆசிரியன்.

2001. பெண்கள் மாவட்ட இறுதிப் போட்டி. ஓடுகிறவர் மிதித்தே கடக்க வேண்டிய மூன்றாவது பேஸைக் காத்து நின்ற அழகுத்தாய் அவன் தெருப் பெண். ஜெயித்தால் மாநிலப் போட்டி. அந்தச் சான்றிதழைக் காட்டிக் கல்லூரியில் இடம் கேட்கலாம். அவள் அப்பா சின்னக்கருப்பன் காலையிலேயே சொல்லியிருந்தார்: "ஜெயிச்சா படிக்கட்டும் தம்பி. இல்லேன்னா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு வேன்ல ஏறட்டும்."

கடைசிச் சுற்று, சமநிலை. இரண்டாவது பேஸில் எதிரணிப் பெண் ஒருத்தி. அழகுத்தாயின் அணி எறிந்த பந்து எல்லைக் கயிற்றுக்கு வெளியே கூட்டத்துக்குள் ஓடியது. இசக்கிமுருகன் இரு கைகளையும் உயர்த்தினான்: "டெட் பால்!" பந்து செத்தது, இனி அதை ஆட முடியாது; ஓடுகிறவளுக்கு இரண்டு பேஸ் முன்னேற உரிமை. அவள் குதித்துக்கொண்டே மூன்றாவதைக் கடந்தாள், மிதிக்கவில்லை. கடைசியான ஹோம் பேஸைச் சேர்ந்தாள்; எதிரணிக்கு வெற்றி ஓட்டம்.

பேஸை மிதிக்காதவள் அவுட், அந்த ஓட்டம் செல்லாது; ஆனால் நடுவர் தானாக வாய் திறக்கக் கூடாது. தடுத்தாடும் அணிதான் கேட்க வேண்டும். பந்து செத்திருப்பதால் கையில் பந்துகூட வேண்டாம், வாயால் சொன்னாலே போதும். ஆனால் உள்ளே நிற்கும் தடுப்பாட்டக்காரர்களில் கடைசி ஆளும் எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அவன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ஆட்டம் முடியவில்லை என்று காட்ட விதி அவனுக்கு அனுமதித்தது அவ்வளவுதான்.

போன வருஷம் அழகுத்தாயின் அணி நடுவரோடு சண்டை போட்டுக் கெட்ட பேர் வாங்கியிருந்தது. அதனால் தோற்ற உடனே ஓடிப்போய்க் கை கொடுக்கும்படி பயிற்சி கொடுக்கும் உமாதேவி டீச்சர் பழக்கியிருந்தார். பெண்கள் ஓடினார்கள். அழகுத்தாய் மட்டும் கோட்டருகே நின்று பேஸைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

கேளு, கேளு என்று அவனுக்குள் அடித்துக்கொண்டது.

"ஏட்டி, என்ன பராக்கு? போய்க் கை குடு!" என்றார் டீச்சர்.

அழகுத்தாய் கோட்டைத் தாண்டினாள்.

கை கொடுத்துவிட்டு நேரே அவனிடம் வந்தாள். "அண்ணாச்சி, அவ மூணாவத மிதிக்கல. பாத்தியளா?"

"பாத்தேன்."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீங்கதான் கேக்கணும்."

"இப்பக் கேக்கேன்."

"கோட்டத் தாண்டிட்டியே தாயி."

"நடுவர்கிட்ட வாயாடக் கூடாதுன்னுதான அண்ணாச்சி சொல்லிக் குடுத்தாவ!"

வாயை மூடிக்கொண்டது விதிக்காகவா, சொந்த ஊர்ப் பிள்ளைக்குச் சாதகம் செய்தான் என்ற பேச்சுக்குப் பயந்தா? முடிவுத் தாளில் கையெழுத்துப் போடும்போதும் அது தெளியவில்லை.

இடைசெவலில் அவனும் அழகுத்தாயும் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சின்னக்கருப்பன் நின்றிருந்தார். "என்னாச்சு தம்பி?"

"தோத்துட்டாங்க."

"ஒழுங்காத்தான் தோத்தாவளா?"

அழகுத்தாய் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் குனிந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

"சரி, திங்கக்கெழம வேன்காரன்ட்ட சொல்லிருதேன்" என்றார் அவர்.