பிழை திருத்துபவரின் கதாநாயகன்

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. மாதாமாதம் வரும் துப்பறியும் நாவலின் அச்சுப்படியை வீட்டுக்கே எடுத்து வந்துவிடுவார். கூடவே வசிக்கும் அக்கா கைப்பிரதியை உரக்கப் படிக்க, அவர் சிவப்புப் பேனாவால் திருத்துவார். கணவர் இறந்த பிறகு அக்காவுக்கு இதுதான் பொழுதுபோக்கு. காற்புள்ளியைக்கூட விடாமல் படிப்பாள்.

அந்த நாவல்களின் நாயகன் ஒரு திருடன். கத்தியெல்லாம் எடுக்க மாட்டான், வாயாலேயே திருடுவான். தனியாக இருக்கும் பெண்களிடம் நாலு வார்த்தை இனிக்கப் பேசினால் போதும், நகை தானாகக் கழன்று வரும். பிழை திருத்துபவருக்கு அவன்மேல் அப்படியொரு கிறக்கம். ஆயுளில் ஒரு கடைக்காரரிடம்கூடப் பேரம் பேசியறியாத மனிதர், அவன் பேசும் இடம் வந்தால் தானே பேசியதுபோல் நிமிர்ந்து உட்காருவார். "ஆளு கில்லாடிக்கா" என்பார். ஏமாந்த பெண்களைப் பார்த்து, "மண்டையில களிமண்ணு" என்று விழுந்து விழுந்து சிரிப்பார். எழுத்தாளர் அவனைப் போலீஸில் மாட்டிவிடப் பார்த்தபோது, கூடவே கூடாது என்று மல்லுக்கு நின்றதும் இவர்தான்.

போன வாரம் வேலை முடிந்து வந்தால், அக்காவின் கழுத்து வெறுமையாக இருந்தது. மாடியை வாடகைக்குக் கேட்டு ஒருவன் வந்தானாம். உங்கள் குரல் வானொலியில் வரவேண்டிய குரல் என்றானாம். மனைவி தெருமுனையில் நிற்கிறாள், சங்கிலியின் வேலைப்பாட்டைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று வாங்கிப் போனவன் போனவன்தான். அவள் கணவர் போட்ட சங்கிலி அது.

"போன நாவல்ல நீயே படிச்ச வித்தைதானேக்கா?"

"தெரிஞ்சுதுடா. ஆனா அவ்வளவு மரியாதையாப் பேசுற மனுஷனை எப்படிச் சந்தேகப்படுறது?"

"சரி, கிளம்பு. அடுத்த வீட்டுக்குள்ள அவன் நுழையறதுக்குள்ள போலீஸ்ல சொல்லணும்."

"வேண்டாம். சிரிப்பாங்க."

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"நீ சிரிப்பியே."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கதையில் யார் யாரோ ஏமாறுவதாக நினைத்து, இத்தனை நாள் எதிரில் உட்கார்ந்திருந்தவளைத்தான் முட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்துப் போனார்.

காவல் நிலையத்தில் எழுத்தர் முழுக்கதையும் கேட்டார். உதட்டோரம் சிரிப்பு வந்தது. "ஆளு பலே கில்லாடிதான் போல" என்றார்.

தம்பிக்கு ரத்தம் கொதித்தது. சண்டைக்கு எழுந்தார். எழுந்த பிறகுதான் அது தன் வார்த்தை என்று உறைத்தது. தலை தானாகக் குனிந்தது.

"பரவால்ல சார், சிரிச்சுக்குங்க" என்றாள் அக்கா. "எங்க வீட்டுலயே கேட்டுப் பழகினதுதான்."