தண்ணீர் குடித்த ரேடியோ

காய்ந்த மண்ணில் ஒரு சொம்புத் தண்ணீர் விழும்போது எழும் 'சுர்ர்' என்ற சத்தமும், கரியும் உப்பும் நனைந்த அந்த வாசனையும்தான் எனக்கு ரேடியோ; பாட்டெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஐம்பதுகளில், சாமல்பட்டியில் பள்ளி வாத்தியாராக இருந்த அப்பா வாங்கிய பேட்டரி ரேடியோவுக்குப் புளியமரத்திலிருந்து கூரைவரை இழுத்துக் கட்டிய செம்புக்கம்பி "ஏரியல்". சன்னல் வழியாக இறங்கி, கரியும் உப்பும் கொட்டிய குழிக்குள் புதைந்திருந்த கம்பி "எர்த்து". குழி காய்ந்தால் தூரத்து நிலையங்கள் மங்கிவிடும் என்பதால், தினம் ஒரு சொம்பு ஊற்றும் உத்தியோகம் எட்டு வயதில் எனக்குக் கிடைத்தது.

"ஏம்மே, உங்கூட்டு ரேடியோ கன்னுக்குட்டியா? வேளாவேளைக்குத் தண்ணி காட்டுறீங்க?" என்பாள் பக்கத்து வீட்டுக் கௌரம்மா. அம்மாவுக்குச் சிரிப்பு வராது. அந்தக் கோடையில் குடிதண்ணீருக்கே அரை மைல் நடந்துகொண்டிருந்தோம்.

ரோஸி அக்கா நர்ஸ் படிப்புக்கு மெட்ராஸ் போனதிலிருந்தே அம்மாவுக்குச் சிரிப்பு குறைவு. "சொல்லாம அப்ளிகேசன் பாரம் எழுதிப் போட்டவ. அவ பேச்சு எனக்கு எதுக்கு?" என்று அவள் பெயரைக்கூட எடுப்பதில்லை. அப்போதுதான் அக்காவிடமிருந்து கடிதம்: ஈஸ்டர் ஞாயிறு மாலை ஐந்தரைக்கு அவர்கள் பாடகர் குழு மெட்ராஸ் நிலையத்தில் பாடுகிறது, அதில் இரண்டு வரி அவள் மட்டும்.

"பெங்களூரு கிட்ட, கூப்பிட்டா வந்துடும். மெட்ராஸ் தூரம், பொழுது சாஞ்சாதான் தெளிவா வரும். எவ்ளோ பெரிய எந்திரம் வச்சு அனுப்புனாலும் வாங்குற கம்பி உசரமா இருக்கணும்" என்று அப்பா புளியமரம் ஏறி ஏரியலை இரண்டு முழம் உயர்த்தினார். நான் கீழே நின்று மேற்பார்வை பார்த்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பதினைந்து நாளாகச் சொம்புத் தண்ணீர் குழிக்குப் போகாமல், வேலியோரம் நான் நட்ட பரங்கிக்கொடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அது விட்டது ஒரே பூ; அதுவும் ஆண் பூ.

ஐந்தரைக்குக் கன்னடம் கணீரென்று வந்தது. மெட்ராஸ் இருக்கவேண்டிய இடத்தில் கடுகு வெடித்தது. "அவங்க பக்கம்தான் பவர் பத்தல" என்றார் அப்பா. நான் பலமாகத் தலையாட்டிவிட்டு, நைசாகச் சொம்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

அம்மா அங்கே நின்றிருந்தாள். குடிதண்ணீர்க் குடம் முழுவதையும் குழியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளாடி ஊத்தல?"

"பதினஞ்சு."

"பரங்கி பச்சப்பசேல்னு நிக்கறப்பவே நெனச்சேன். போ, சத்தமா வைக்கச் சொல்லு."

இரைச்சலுக்குள்ளிருந்து நூல்போல ஒரு குரல் வந்தது. இரண்டே வரி. தண்ணீரா, புளியமரமா, சாய்ந்த பொழுதா, எது கொண்டுவந்தது என்று இன்றுவரை தெரியாது. அப்பா கடைசிவரை ஏரியல் கட்சிதான். சன்னலுக்கு வெளியே காலிக் குடத்தோடு நின்ற அம்மா சொன்னது ஒன்றுதான்: "அவளுக்குச் சளி புடிச்சிருக்கு. லெட்டர் எழுதுங்க."

இப்போது ஓசூரில் என் மாடியிலிருந்தே செல்போன் கோபுரம் தெரிகிறது. கைப்பேசிக்குள் எஃப்.எம்.; காதில் மாட்டும் ஒயரே ஏரியல்; எர்த்து கிடையாது. சாமல்பட்டிப் புளியமரமும் இல்லை. அக்கா போய் ஆறு வருடமாகிறது. "சிக்னல் இல்ல பாட்டி" என்று பேரன் மாடிப்படி ஏறும்போதெல்லாம் என் கை தன்பாட்டுக்குச் சொம்பைத் தேடுகிறது. எங்கே ஊற்றுவதென்றுதான் தெரியவில்லை.