கிடாயைக் கட்டிவிட்டுப் போனவர்

கோவில்பட்டி சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தேன். காதில் பீடி செருகிய ஆட்டுக்காரர் ஒருவர் விற்பனைக்கு இருந்த ஒவ்வொரு சைக்கிள் சீட்டையும் அமுக்கி, முகர்ந்து பார்த்தார்.

“கடையில உக்காந்தா எல்லாம் மெத்தைதான் அண்ணாச்சி. பசுவந்தனை வரைக்கும் மிதிச்சுப் பாத்துட்டு வாரேன்.”

தன் சைக்கிளில் ஒரு பஞ்சுச் சீட்டை மாட்டிக்கொண்டு, ஈடாகத் தன் கிடாயைத் தூணில் கட்டிவிட்டுப் போனார். மழை பிடித்தது. நானும் கிளம்ப முடியவில்லை. வெகுநேரமாகியும் ஆள் வரவில்லை.

“களவாண்ட கிடாவா இருந்தா போலீஸ்காரவ நம்மளல்லா பிடிப்பாவ!” கடைக்காரர் தெருவை எட்டிப் பார்த்தார்.

தெப்பமாக நனைந்து திரும்பியவர் சீட்டை அமுக்கினார். தண்ணீர் ஒழுகியது.

“இது வேண்டாம்.”

“உம்ம கிடா தூண்ல தொங்குன என் ரப்பர் சீட்டக் கடிச்சிருக்கே, அதுக்கு என்ன சொல்லுதீரு?” கடைக்காரர் கத்தினார்.

ஆட்டுக்காரர் கிடா கடித்த இடத்தைத் தடவினார்.

“ஆட்டுப் பல்லே எறங்கல. மழையா எறங்கப் போவுது? இத மாட்டுங்க.”

கிடாயை அந்தச் சீட்டருகே தெரிந்தேதான் கட்டினாரா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.