நிறுத்திய கல்யாணம்

பிரேமினிக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வாள். லிந்துலைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் ஏறிப் போகவேண்டிய தேயிலைத் தோட்டம் அது. பிள்ளைகளைத் தூக்கிப்போக வருகிறவர்கள் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போவதில்லை. அதனால் எந்த லயத்து வீட்டில் என்ன நடந்தாலும் அவள் காதுக்கு வந்துவிடும்.

கீழ் டிவிஷன் தனுஜாவின் கதையும் அப்படித்தான் வந்தது. தரகர் ஒருவர் அவளுக்கு மாப்பிள்ளை கொண்டுவந்தார். சீதனம் வேண்டாம், கல்யாணச் செலவெல்லாம் மாப்பிள்ளை வீட்டாருடையது என்றார். சிலாபத்துக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்துக்கு அவளைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வருடம் கழித்துத் தப்பி வந்தவள், கட்டியவனோடு அவன் அண்ணனும் தன்னை விட்டுவைக்கவில்லை என்று பிரேமினியிடம் அழுதாள். எதிர்த்துப் பேசினால், உன்னை விலைக்கு வாங்கித்தானே வந்தோம் என்பார்களாம்.

பிரேமினி பெண்களைக் கூட்டிச் சங்கம் தொடங்கியது அதன் பிறகுதான். பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போதும், கோயில் முன்றலிலும் இதைப் பற்றிப் பேசினார்கள். முதலில் சிரித்த ஆண்கள் போகப்போகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அடுத்ததாக அதே தரகர் மேல் லயத்து அழகுமுத்துவின் மகள் நிலக்ஷிக்கு வரன் கொண்டுவந்தார். நிலக்ஷிக்குப் பதினேழு வயது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலைதான் பிரேமினிக்கு விஷயம் தெரிந்தது. காலையில் பொலிசையும் சிறுவர் பாதுகாப்பு அதிகாரியையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். ஜீப்பைக் கண்டதும் தரகரும் மாப்பிள்ளையும் பின்பக்கமாக நழுவிவிட்டார்கள். ஆனால் சனம் கலையவில்லை. பிரேமினி ஐயருக்குப் பக்கத்திலிருந்த மைக்கை எடுத்தாள்.

“இது கல்யாணம் இல்லீங்க. பெத்த புள்ளைய விக்கிறாங்க. எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க.”

எல்லாரும் பார்த்தார்கள். மணவறையில் தலையைக் குனிந்தபடி இருந்த நிலக்ஷியைப் போனில் வீடியோ எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது தலவாக்கலை வரை போய்விட்டது.

பிரேமினிக்குப் பெயர் வந்தது. மற்றத் தோட்டங்களிலிருந்து கூப்பிட்டார்கள். ஹட்டனில் நடந்த மகளிர் கூட்டமொன்றில் பொன்னாடை போர்த்தினார்கள். போகிற இடமெல்லாம் நிலக்ஷியின் கல்யாணத்தை நிறுத்திய கதையைச் சொன்னாள். அவள் பெயரைச் சொல்வதில்லை. எல்லாருக்கும்தான் அது தெரிந்திருந்ததே.

நிலக்ஷி பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள் என்று காம்பராவில் பேச்சு வந்தது. பஸ்ஸில் பையன்கள் அவளை ‘வித்த புள்ள’ என்று கூப்பிட்டார்களாம். போய்ப் பார்க்க வேண்டும் என்று பிரேமினி நினைத்தாள். ஒவ்வொரு முறையும் வேறொரு கூட்டம் வந்தது. ஒருநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்த நிலக்ஷியே அவளை நிறுத்தி, காம்பராவில் தனக்கும் ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். தோட்டத்துத் துரையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் பிரேமினி. கேட்கவில்லை. வட்டகொடைப் பக்கம் ஒரு கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

பதினெட்டு முடிந்ததும் நிலக்ஷி வீட்டில் யாருக்கும் சொல்லாமல், தரகர் காட்டிய மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள அவரோடு போய்விட்டாள். அவளே அவருக்குப் போன் செய்து வரச்சொன்னாள் என்பது பிறகு தெரிந்தது.

அவளுடைய அம்மா காளியாயி கொழுந்துக் கூடையோடு காம்பரா வாசலில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று பிரேமினி எதிர்பார்த்தாள். காளியாயி குரலை உயர்த்தவில்லை.

“கல்யாணத்த நிறுத்துனீங்க. சரிதான். அதுக்கப்புறம் எம்புள்ள எப்புடி இருக்குதுன்னு ஒரு நாளாவது வந்து எட்டிப் பாத்தீங்களாம்மா?”

பிரேமினியின் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து நிற்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

தரகர் பெண்களைக் கொண்டுபோகிற இடங்கள் தனுஜாவுக்குத் தெரியும். அந்தப் பக்கமே இனிமேல் தலை வைத்துப் படுக்கமாட்டேன் என்றிருந்தவள், காளியாயியைப் பார்த்ததும் வழிகாட்ட வருகிறேன் என்றாள். பிரேமினியும் சேர மூவரும் ரயிலேறிக் கொழும்புக்குப் போய், பஸ் பிடித்துச் சிலாபம் போனார்கள். அங்கிருந்த பொலிசில், பெண்ணுக்கு வயது வந்துவிட்டது, அவளாகவே வந்திருக்கிறாள், இது குடும்ப விஷயம் என்றார்கள். அவளைத் தனியாக விசாரித்துவிட்டு அதைச் சொல்லுங்கள் என்று பிரேமினி சிங்களத்தில் கேட்டாள். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாலையில் ஒரு பெண் பொலிஸ் அவர்களோடு கிளம்பி வந்தார்.

நிலக்ஷி முற்றத்தில் தேங்காய் மட்டைகளைக் குவித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கீறல். அவளுடைய போனை மாமியார் இடுப்பில் செருகியிருந்தாள். பெண் பொலிஸ் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்த நிலக்ஷி யாரையும் பார்க்காமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய் உடுப்பு எடுத்துவரக்கூட அவள் விரும்பவில்லை.

ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டியது. காளியாயியும் தனுஜாவும் தூங்கிப்போனார்கள். எதிரே இருந்த பிரேமினி மெல்ல, “என்னைய மன்னிச்சிரு தங்கச்சி” என்றாள்.

“நிறுத்துனது தப்புன்னு நான் சொல்லலக்கா,” என்றாள் நிலக்ஷி. “எனக்கும் அந்த ஆளப் புடிக்கல. முந்துன நாளே வந்து கேட்டிருந்தீங்கன்னா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். நீங்க என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. மைக்க எடுத்துட்டீங்க.”

பிரேமினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தரகர் மேல் வழக்குப் போட்டார்கள். பிணையில் வந்துவிட்டார். இப்போது வேறு பக்கத்துத் தோட்டங்களில் திரிவதாகக் கேள்வி. நிலக்ஷியைச் சங்கத்துக் கூட்டத்தில் மேடையேற்ற வேண்டும் என்று சில பெண்கள் ஆசைப்பட்டார்கள். பிரேமினி விடவில்லை. தலவாக்கலையில் ராசிக் நானாவின் புடவைக் கடையில் அவளுக்கு வேலை கேட்டுக் கொடுத்தாள். ஆனால் கேட்டது யாரென்று அவளிடம் சொல்ல வேண்டாம் என்றாள். நானா சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பஸ்ஸில் எதிர்ப்பட்டால் நிலக்ஷி நகர்ந்து இடம் கொடுப்பாள். பேசுவதில்லை. பிரேமினியும் வற்புறுத்துவதில்லை.

இப்போதெல்லாம் கல்யாணச் செய்தி வந்தால் பிரேமினி முதலில் பொலிசுக்குப் போவதில்லை. பெண்ணைத் தனியாகப் பார்க்கிறாள். போன தைமாதம் பக்கத்துத் தோட்டத்தில் பூரணி என்றொரு பிள்ளையை அவள் வீட்டு மரக்கறித் தோட்டத்தில் சந்தித்தாள். கல்யாணத்தில் இஷ்டமா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்த பூரணி, திருப்பிக் கேட்டாள்.

“நிறுத்திட்டா, அதுக்கப்புறம் நான் என்னக்கா செய்யிறது?”

பிரேமினி லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். “தெரியல தங்கச்சி. நீயும் ஒக்காரு. ரெண்டு பேருமா யோசிப்போம்” என்றாள்.