அவள் முகம் எனக்கு மட்டும் தெரிந்த நான்கு மாதங்கள்

என் மனைவி சுகந்தி காணாமல் போன அன்று காலை எனக்கு இரண்டு தோசை சுட்டுக் கொடுத்தாள். நான் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. செருப்பு வாசலிலேயே இருந்தது. அவள் இல்லை. 2004 ஜூலை மாதம் அது.

அதற்கு மூன்று மாதம் முன்னால் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். இரண்டாம் நாளே இறந்துபோனான். சுகந்தி அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லை. பனியன் கட்பீஸ் துணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். "வாய்விட்டு அழுதுட்டா நல்லதுங்க" என்றார். அவள் அழவே இல்லை.

என் பெயர் ஆசீர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அவர்களுடைய வெப்சைட்டை நான்தான் செய்து பார்த்துக்கொண்டேன். சுகந்திக்குச் சேவூர். அம்மா இல்லாத பெண். அவளும் அவள் அப்பாவும் எங்கள் சபைக்கு வருவார்கள். அப்படித்தான் எங்கள் கல்யாணம் நடந்தது.

நானும் மாமனாரும் பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், அவிநாசி ரோடு என்று அலைந்தோம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஒன்றும் தெரியவில்லை. கம்பெனியிலும் சபையிலும், "அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்று பொய் சொன்னேன். மாமாவையும் அப்படியே சொல்ல வைத்தேன். பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற வெட்கம். போஸ்டர் அடிக்கலாம் என்று மாமா சொன்னார். அவள் முகத்தைச் சுவரில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அவளுக்காக இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்தேன். கல்யாணத்தன்று எடுத்த படத்தை ஸ்கேன் செய்து போட்டேன். பெயர், வயது, அடையாளம், என் செல் நம்பர் எல்லாம் எழுதினேன். ஆதரவற்றோர் இல்லங்களின் முகவரிகள் கிடைத்தவரைக்கும் கடிதம் போட்டேன். "படம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது" என்று எழுதி, பக்கத்தின் முகவரியைக் கொடுத்தேன். அதில்தான் படம் இருக்கிறதே என்று கடிதத்தோடு படம் வைக்கவில்லை. இதை இன்று எழுதும்போதும் என் கை கூசுகிறது.

தினமும் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். அவள் முகம் உடனே வந்து நிற்கும். திரையில் கை வைத்து ஜெபிப்பேன். "ஆண்டவரே, இவளைக் கொண்டுவந்து சேரும்." ஆகஸ்ட் போனது. செப்டம்பர் போனது. ஒரு போன் இல்லை, ஒரு கடிதம் இல்லை. அக்டோபரில் ஜெபிக்க வார்த்தை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பேன். நவம்பரில் கர்த்தரிடம் சண்டை போட்டேன். "பிள்ளையை எடுத்தீர். இவளையும் எடுத்துக்கொண்டீரா? அதையாவது சொல்லிவிடும்" என்றேன்.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள், நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது பரமேஸ்வரி அக்கா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. சரக்கு அனுப்பும்போது பேங்குக்குப் போகிற ஷிப்பிங் பேப்பர்களைச் சரிபார்க்கிறவர். எங்கள் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னாச்சுங்க ஆசீர்?"

நான்கு மாதமாக அடைத்து வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. சொல்லி முடித்தேன். அவர் திட்டவில்லை, குறை சொல்லவில்லை. "அந்தப் பக்கத்தோட அட்ரசைக் குடுங்க. எங்க ஊட்டுக்காரர் லாரி ஆபீஸ்ல இருக்காருங்க. நாலு ஊரு டிரைவருக வர்ற இடம். பிரிண்ட் எடுத்துக் குடுத்துடறேன்" என்று தன் இடத்துக்குப் போனார்.

சற்று நேரத்தில் அங்கிருந்து குரல் கொடுத்தார். "ஏனுங்க, படமே வரலீங்களே?"

"கொஞ்சம் பொறுங்கக்கா, இன்னைக்கு நெட் மெதுவா இருக்கும்."

"இல்லீங்க, எழுத்தெல்லாம் வந்துருச்சு. படம் இருக்கற எடத்துல வெறுங்கட்டந்தான் இருக்குது. உள்ள செகப்பா ஒரு இன்ட்டு மார்க்."

எழுந்து போய்ப் பார்த்தேன். சுகந்தியின் பெயருக்குக் கீழே காலிக் கட்டம்.

என்ன நடந்தது என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது. படம் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் எழுதும்போது, என் கம்ப்யூட்டரின் டி டிரைவில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். எல்லோரும் திறக்கிற பக்கங்களை வைத்திருக்கும் பொதுக் கம்ப்யூட்டரான சர்வரில் படத்தை ஏற்றவே இல்லை. என் கம்ப்யூட்டரில் திறந்தால் அது தன்னிடமிருக்கும் படத்தை எடுத்துக் காட்டும். உலகத்தில் வேறு யார் திறந்தாலும் ஒன்றும் தெரியாது. முதல் வாரம் வேலை படிக்கிறவன் செய்கிற தப்பு. நான்கு மாதம் அவள் முகத்தைப் பார்த்தது நான் ஒருவன் மட்டும்தான்.

ஓடிப்போய்த் திருத்தினேன். படத்தை சர்வரில் ஏற்றினேன். அக்காவின் திரையில் மறுபடியும் அதே கட்டம். திரும்ப ஏற்றினேன். கட்டம்தான். எத்தனையோ தடவை மற்றவர்களுக்குச் சரிசெய்து கொடுத்தவன், என் மனைவியின் முகத்தைக் கொண்டுவர முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடத்திலேயே தலை குனிந்தேன். அவளைக் கொண்டுவந்து சேரும் என்று கேட்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, நான் பார்த்தது போதும். வேறு யாராவது ஒருத்தர் இவளைப் பார்க்கட்டும்." அவ்வளவுதான் கேட்டேன்.

அக்கா என் தோளைத் தொட்டார். "எனக்கு உங்க வேலை தெரியாதுங்க. ஆனா பேங்குக்குப் போற பேப்பரை எழுத்தெழுத்தாப் பாக்கத் தெரியும். நீங்க எழுதுனதக் காட்டுங்க." இன்டர்நெட் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த படத்தின் பெயரையும் சர்வரில் இருந்த படத்தின் பெயரையும் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். கடைசியில் நிறுத்தினார்.

"இங்க கடைசி மூணு எழுத்தும் சின்ன எழுத்து. அங்க பெரிய எழுத்துங்க. பேங்குல இதுக்கே பேப்பரைத் திருப்பி அனுப்பிருவாங்க."

என் கம்ப்யூட்டருக்குச் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் ஒன்று. சர்வருக்கு அப்படி இல்லை. மாற்றினேன். அக்காவின் திரையில் சுகந்தியின் நெற்றி வந்தது. கண் வந்தது. சிரிப்பு வந்தது. "சாமீ" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான்காம் நாள் போன் வந்தது. நெல்லூர்ப் பக்கம் ஓர் இல்லத்திலிருந்து, தமிழ் பேசும் ஒரு சிஸ்டர். "உங்க லெட்டர் செப்டம்பர்லயே வந்துச்சு, பிரதர். அப்பவே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படம் இல்ல, விட்டுட்டேன். இன்னைக்குப் பழைய ஃபைலை ஒழுங்கு பண்ணும்போது கையில கிடைச்சுது. ஏன் மறுபடியும் திறந்தேன்னு எனக்கே தெரியல. இந்தத் தடவை படம் இருந்துச்சு. அதே முகத்துல இங்க ஒரு பொண்ணு இருக்கா. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குறா. ஆகஸ்ட்ல ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வந்தோம்."

ஆகஸ்ட். என் கடிதம் போய்ச் சேர்ந்த இல்லத்துக்குள்ளேயே அவள் இருந்திருக்கிறாள்.

நானும் மாமாவும் போனோம். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பாதி உடம்பாகியிருந்தாள். மாமாவைப் பார்த்து "அப்பா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, என்னையத் தேடவே இல்லீங்களா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள விட்டாள்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, ஒரு விடிகாலையில்தான் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. காலிக் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கடிதத்தில் படம் வைக்காததைச் சொன்னேன். அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஊரெல்லாம் பொய் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப, அத்தன நாளும் நீங்க மட்டும் பாத்துட்டு இருந்தீங்களா?"

"ஆமா சுகந்தி."

"சாமுவேல்னு பேரு வெச்சோமுங்க" என்றாள். மகன் இறந்த பிறகு அந்தப் பெயரை அவள் சொன்னது அப்போதுதான். பிறகு அழுதாள். விடிகாலையில் தொடங்கிய அழுகை மத்தியானம் வரைக்கும் நிற்கவில்லை. நானும் அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். இந்த முறை நான் எதையும் மறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். யாரும் என்னை இகழவில்லை. "முதல்லயே சொல்லியிருந்தா நாங்களும் தேடியிருப்போமே தம்பி" என்று ஒரு பெரியவர் சொன்னதுதான் இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். சுகந்தி இன்றும் மாத்திரை சாப்பிடுகிறாள். சில நாட்கள் பேசாமலே போகும். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. அவள் தெருவில் கழித்த நாட்களைப் பற்றி அவள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. ஆனாலும் அவள் என்னோடு இருக்கிறாள். போன மாதம் சபையில் பாட்டு நேரத்தில் மெல்லக் கை தட்டினாள். அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லி எனக்கு மாளாது.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, நீயும் ஏதோ ஒன்றை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டு தனியாக ஜெபித்துக்கொண்டிருக்கலாம். ஜெபிப்பதை விட்டுவிடாதே. இன்றைக்கே எழுந்து போய், உன் பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் அதைச் சொல்லு. எனக்குப் பதில் அனுப்ப ஆண்டவர் என் பக்கத்து மேஜையில் ஒருவரை உட்காரவைத்திருந்தார். உனக்கும் வைத்திருப்பார்.